இரண்டாம் இடத்தை அவளுக்கு விட்டு வையுங்கள்

என்னை எங்கள் லீக் கூடும் ஆர்லினின் கராஜிலிருந்து வெளியே தள்ளுவதற்கான விதியை லாயிட் மூன்று வருடத்துக்கு முன்பே செய்து வைத்துவிட்டான். தொடர்ந்து இரண்டு வருடம் கடைசியாக வருகிறவர் லீக்கை விட்டுப் போக வேண்டும். அந்த நாற்காலி வேறொருவருக்கு. அன்றைக்கு அவன் என் புருஷன். சோம்பேறியான தன் தம்பியைக் கழற்றிவிடத்தான் இப்படிச் செய்கிறான் என்று நினைத்து நானும் கை தூக்கினேன். தம்பி தானாகவே நின்றுகொண்டான். அடுத்த வருடம் எங்கள் கல்யாணமும் முறிந்துபோனது. விதி மட்டும் அப்படியே இருந்தது. போன வருடம் நான் பத்தாவதாக வந்தேன். எங்கள் லீக்கில் இருப்பதே பத்துப் பேர்.

இந்த வருடமும் பத்தாவதாக வந்தால் என் நாற்காலியில் யார் உட்காருவாள் என்பது எங்கள் ஊரான ஷெபாய்கன் முழுக்கத் தெரியும். கிறிஸ்டல். லாயிட்டின் புதுப் பெண்டாட்டி. அவளுக்குப் பந்தைப் பற்றித் தெரிந்தது அது பழுப்பு நிறம் என்பது வரைதான்.

ஒரு விளையாட்டுக்குப் போய் இவ்வளவு அலட்டலா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். விவாகரத்தில் படகு அவனுக்குப் போனது. சர்ச்சில் மூன்றாவது வரிசை அவனுக்கு. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு நாங்கள் எப்போதும் உட்காரும் மேசையும் அவனுக்கு, அந்த மேசையைச் சுற்றியிருந்தவர்களும் அவனுக்கு. யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எனக்கென்று மிஞ்சியது இந்தக் கராஜில் கிழிந்த குஷன் போட்ட ஒரு மடக்கு நாற்காலி. பத்தொன்பது வருடமாக என்னுடையது. அதையும் கிறிஸ்டலுக்குத் தூக்கிக் கொடுக்க நான் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் யாரும் மைதானத்தில் இறங்குவதில்லை. செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின வார இறுதியில் கூடி, நாடு முழுக்க ஆடும் நிஜ அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களை ஆளுக்குப் பதினைந்து பேராகப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் எடுத்தவனை இன்னொருவர் எடுக்க முடியாது. ஞாயிறுதோறும் அவரவர் ஆட்கள் ஓடுவதற்கும் பிடிப்பதற்கும் எங்களுக்குப் புள்ளி. இந்தப் பங்கு பிரிப்பில் யார் எத்தனையாவதாக எடுக்கிறார் என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது. முதல் சுற்று ஒன்றிலிருந்து பத்து வரை போகும். அடுத்த சுற்று பத்திலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும். மூன்றாவது மறுபடி ஒன்றிலிருந்து. ஆகவே ஓரத்தில் இருப்பவருக்குத் திருப்பத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆட்கள் கிடைப்பார்கள். நடுவில் இருப்பவர் பக்கத்து இடத்துக்காரர் என்ன செய்வாரோ என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்குப் பக்கத்து இடத்துக்காரன் போன வருடம் லாயிட். வேண்டுமென்றே என் பக்கத்தில் இடம் எடுத்தான். இருபது வருடத்துக்கு மேல் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன். யாரைப் பார்த்தால் நான் முன்னால் நகர்ந்து உட்காருவேன் என்று அவனுக்குத் தெரியும். நான் நினைத்த ஒவ்வொருவனையும் என் முறைக்கு ஒரு நிமிடம் முன்னால் தூக்கினான். தனக்குத் தேவையில்லாதவனையும் தூக்கினான். அதில் அவன் அணியும் நாசமாகி ஒன்பதாவதாக வந்தான். நான் பத்தாவதாகப் போவதைப் பார்க்க அந்த விலை அவனுக்குச் சம்மதம்.

அவனைப் பற்றி எனக்கும் தெரியாமலில்லை. ஆனால் தெரிந்து பிரயோஜனமில்லை, அவனுக்கு ஆசை என்று இருந்தது ஒரே ஒரு பைத்தியக்காரத்தனத்தின் மீதுதான். எங்கள் மாநிலத்துக் கிரீன் பே அணியின் தடுப்புப் படை. ஓர் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே ஆளாக எடுக்கலாம். அதைக் கடைசிச் சுற்றுகளில், காய்கறி வாங்கிய பின் கொசுறு வாங்குவதுபோல எடுப்பார்கள். லாயிட் அதை ஏழாவது சுற்றிலேயே எடுப்பான். பத்தொன்பது வருடமும் எடுத்திருக்கிறான். பெயர் அச்சடித்த ஒட்டுச்சீட்டை முத்தமிட்டு, யார் யாரை எடுத்தார் என்று காட்டும் பலகையில் அதை மட்டும் தானே போய் ஒட்டுவான். கிரீன் பே இல்லாமல் ஒரு பருவம் போனால் தன் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வருவார் என்பான். யாரும் அவனோடு போட்டிக்குப் போனதில்லை. கொசுறுக்காக யார் சண்டை போடுவார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நான் போனபோது ஆர்லின் அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் லீக்கின் தலைவர்; அறுபத்தெட்டு வயது, கூரை போடும் வேலையிலிருந்து ஓய்வு. உள்ளே பத்து நாற்காலிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் முதுகிலும் எண். முதலில் இடம் தேர்வு, பிறகு சாப்பாடு, பிறகு ஆள் எடுப்பு. இடம் தேர்வில் எங்கள் வழக்கம், கடைசியாக வந்தவருக்கு முதல் உரிமை, பிறகு ஒன்பதாவது, எட்டாவது என்று மேலே போய், போன வருடம் ஜெயித்தவர் கடைசி.

ஜெயித்தவன் என் மகன் மிட்ச். இருபத்தைந்து வயது. தீயணைப்பு நிலையத்தில் வேலை. நாங்கள் பிரிந்ததிலிருந்து தராசு பிடித்து வாழ்கிறான். நன்றி நாள் பண்டிகையன்று மதிய விருந்துக்கு என் வீடு என்றால் ராத்திரி அவன் அப்பா வீடு. எனக்கு ஒரு போன் பேசினால் அங்கே ஒரு போன். "நான் யார் பக்கமும் இல்லம்மா" என்று அவன் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பெற்றவளுக்கு எதிரே நின்று நடுநிலைமை பேசுகிறான் பார்.

"சரி ரோண்டா. நீதான் முதல்ல. எந்த இடம்?" என்றார் ஆர்லின்.

லாயிட் பனிப்பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்தது அவன். நான் எதைச் சொன்னாலும் பக்கத்து எண்ணைச் சொல்லப் போகிறான்.

"நான் கடைசியா எடுத்துக்கறேண்ணே," என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அதெப்படி? முதல்ல எடுக்கறதுன்னா முதல்லதான்," என்றான் லாயிட். "இது என்ன புதுசா?"

"புதுசு இல்ல. பத்தொம்பது வருஷமா உன் தலைக்கு மேலதான் தொங்குது. படிக்கத் தெரிஞ்சா படி."

சுவரில் பீர் அட்டைப்பெட்டியை வெட்டி, விதிகளை எழுதி ஆணி அடித்திருந்தது. ஆர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். ஆறாவது வரியில் விரலை வைத்தார். கடைசியாக வந்தவர் முதலில் தேர்ந்தெடுக்கலாம். விரும்பினால் எல்லோருக்கும் கடைசியிலும் தேர்ந்தெடுக்கலாம்.

"எழுதித்தான் இருக்கு," என்றார்.

"யார் எழுதினது அத?"

"நான்தான்யா எழுதினேன்," என்றேன். "அப்ப நீ மூணாவது பீர் டப்பாவ ஒடச்சிட்டிருந்த."

இரண்டு பேர் சிரித்தார்கள். லாயிட்டின் காது சிவந்தது. ஆனால் அவனும் லேசுப்பட்டவனில்லை. எழுந்து போய் ஒன்றாம் நாற்காலியின் முதுகைத் தட்டினான்.

"அப்ப எனக்கு ஒண்ணாவது இடம். இன்னொண்ணு சொல்றேன், எல்லாரும் கேளுங்கடா. ரெண்டாவது இடத்த யாரும் தொடாதீங்க. அவளுக்கு விட்டு வைங்க. பழைய ஞாபகத்துல என் பக்கத்துலயே உக்காரட்டும்."

அது எப்படிப்பட்ட இடம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒன்றில் இருப்பவன் ஓரம். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்தடுத்து இரண்டு பேரை எடுத்துவிட்டுத்தான் இரண்டாம் இடத்துக்கு வழி விடுவான். நான் ஒருவனை எடுத்து அடுத்தவனுக்காகக் காத்திருக்கும்போது, என் கண் முன்னால் இரண்டு பேரைச் சுருட்டலாம். மற்ற எவனுக்கும் அது நல்ல இடம்தான். எனக்கு மட்டும் தூக்கு மேடை.

ஆறு ஆண்கள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து. நாலு. எட்டு. ப்ரூஸ் என்று ஒருவன், கால் முறிந்து கிடந்தபோது ஆறு வாரம் என் காரில்தான் தொழிற்சாலைக்கு வந்தான். "ஏழு" என்றான், தன் காலணியைப் பார்த்துக்கொண்டே. மூன்று. ஆறு. ஒருவன்கூட இரண்டைத் தொடவில்லை. லாயிட் அவர்களை மிரட்டவுமில்லை. சொன்னான், செய்தார்கள். நாளைக்கு அவன் படகில் மீன் பிடிக்கப் போக வேண்டுமே. இவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் கேக் சுட்டுக் கொண்டுபோன என் கையைத்தான் ஒடிக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது இரண்டு, ஒன்பது, பத்து. ஜோலீனின் முறை. போன வருடம் இரண்டாவதாக வந்தவள், என் பள்ளிக்கூடத் தோழி. முந்தாநாள் என் சமையலறையில் உட்கார்ந்து, "அவன் என்ன பண்ணினாலும் நான் இருக்கேன்டி" என்று சொன்னவள்.

"பத்து," என்றாள்.

"நல்லா இருடி," என்றேன்.

"ரோண்டா, என் வீட்டுக்காரருக்கும் லாயிட்டுக்கும் ஒரே ஷிப்ட். எனக்கு ரெண்டு பக்கமும் வேண்டியவங்க. புரிஞ்சுக்கோ."

"புரிஞ்சுக்கிட்டேன். நல்லாவே புரிஞ்சுக்கிட்டேன்."

இப்போது மிட்ச். புதன்கிழமை போனில் அரை மணி நேரம் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தான். இந்த வருடம் ஒன்பதாவது இடம்தான் தங்கம், மறுபடி கோப்பை வாங்க அதுதான் வேண்டும், கடைசிவரை யாரும் எடுக்காமல் இருக்க வேண்டுமே என்று பிரார்த்தனை செய்யாத குறை. அந்த ஒன்பது அவன் முன்னால் காலியாக இருந்தது. எடுத்துக்கொள்ளட்டும், அவன் உழைத்தவன் என்று வாயளவில் நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

"ரெண்டு," என்றான் மிட்ச்.

"டேய், ஒம்பதுதானே வேணும்னு படகுல சொன்ன?" என்றான் லாயிட்.

"மனசு மாறிடுச்சுப்பா."

"அம்மாவுக்காகவா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். இதுல யாருக்காகவும் ஒண்ணும் இல்ல."

எனக்கு ஒன்பது கிடைத்தது. வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன். நாற்காலி தப்பித்தது என்று கிழிந்த குஷனைத் தூக்கிக்கொண்டுபோய் ஒன்பதாம் எண்ணில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து பார்த்தேன். மகன் எங்கே உட்காரப் போகிறான் என்று அந்த நிமிடம் நான் யோசிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு வழக்கம்போல பிராட், கரியில் வாட்டிய தொத்திறைச்சி. கெட்டி ரொட்டிக்குள் இரண்டிரண்டாக, வெங்காயமும் கடுகும் வைத்து. லாயிட் தட்டோடு என் பக்கம் வந்தான்.

"பையனத் தூண்டி விட்டியா?"

"உன்னப் பாத்துக் கத்துக்கிட்டிருப்பான். நேரம் பாத்து இடம் மாறறது உங்க பரம்பரைக்குப் புதுசா என்ன?"

"ரொம்ப ஆடாத ரோண்டா. யாரு இடத்துல யாரு வந்து உக்காந்தாலும் அது என் பக்கத்து இடம்தான்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வாயில் பிராட்டை வைத்துக்கொண்டு அவன் எரிச்சலை ரசித்தேன்.

இரண்டு மணிக்கு ஆள் எடுப்பு தொடங்கியது. ஜெயித்தவன்தான் பலகையில் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது வழக்கம். ஆகவே மிட்ச் கையில் சீட்டுத் தாள்கள். எதிர்பார்த்தபடியே லாயிட் நாட்டிலேயே சிறந்த ஓட்டக்காரனை எடுத்தான். மிட்ச் ஒரு நல்ல பிடிப்பாளனை எடுத்தான். என் முறையில் நான் நினைத்தவனே இருந்தான். ஜோலீன் இரண்டு பேரை எடுத்த பிறகும் நான் நினைத்த அடுத்தவனும் இருந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, விரும்பியவர்களை விரும்பியபடி எடுத்தேன். இந்த வேகத்தில் போனால் பத்தாவது என்ன, நாலாவதாகவே வரலாம்.

சுற்று திரும்பி மிட்ச்சிடம் வந்தது. இரண்டாவது ஆளை எடுத்து ஒட்டினான். அடுத்து லாயிட்டுக்கு அடுத்தடுத்து இரண்டு பேர். முதலில் ஒரு பந்தெறிபவனை எடுத்தான். சரி, நியாயமான ஆள். பிறகு காலை நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் சொன்னான்.

"நேட் ஹீரிங்கா."

பாதிப் பேருக்கு அது யாரென்றே தெரியவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்துப் பையன்; பள்ளிக்கூட அணியில் மிட்ச்சோடு ஆடியவன், எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைக் காலி செய்தவன். இரண்டு வருடமாகப் பெரிய அணி ஒன்றில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். அவனை வருடா வருடம் கடைசிச் சுற்றில் மிட்ச்தான் எடுப்பான். புள்ளிக்காக அல்ல, எடுத்த அன்று நேட்டுக்குப் போன் போட்டு, "உன்ன எடுத்திருக்கேன்டா, கேவலப்படுத்திராத" என்று சொல்வதற்காக. மூன்றாவது சுற்றில் அவனை எடுப்பவன் முழு முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது லாயிட்டாக இருக்க வேண்டும்.

"அப்பா," என்றான் மிட்ச். "அவன் எதுக்குப்பா உங்களுக்கு?"

"அம்மாவுக்கு இடம் விட்டுக் கொடுத்த இல்ல? அதுக்கு வாடகை."

ப்ரூஸ் மறுபடி காலணியைப் பார்த்தான். மிட்ச் தாள்களைப் புரட்டினான். நேட்டின் பெயர் முன்தாள்களில் இருக்காது. கடைசித் தாளின் கடைசி மூலையில்தான் இருந்தது. அதை உரித்து, அப்பாவின் பெயருக்குக் கீழே ஒட்டி, நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்திய பிறகும் கையை எடுக்கவில்லை. பிறகு தன் முறைக்கு யாரோ ஒருவன் பெயரைச் சொன்னான். தாளில் கண்ணில் பட்ட பெயராகத்தான் இருக்க வேண்டும்.

போன வருடம் இதே கராஜில் என் முகமும் இப்போது அவன் முகம் இருந்ததுபோலத்தான் இருந்திருக்கும். அந்த இடம் எனக்கென்று வைத்திருந்தது. நான் தந்திரமாக விலகிக்கொண்டேன், என் பிள்ளை போய் உட்கார்ந்தான், நான் குஷனைத் தட்டிப் போட்டுக்கொண்டு பிராட் தின்றேன். தாய் என்று சொல்லிக்கொள்ள வாய் கூசியது.

மூன்று, நாலு, ஐந்து என்று சுற்று என்னை நோக்கி வந்தது. எனக்கு ஒரு ஓட்டக்காரன் தேவை. மூன்று வாரம் நான் படித்துக் குறித்து வைத்திருந்த ஓட்டக்காரன் இன்னும் பலகைக்குப் போகவில்லை. அவனை எடுத்தால் என் அணி நிமிரும். எடுக்காவிட்டால் அடுத்ததாக ஜோலீன் எடுப்பாள். அவள் பேனாவை அவன் பெயர் மேலேயே வைத்திருந்தாள். எட்டாம் இடத்துக்காரன் முடித்தான்.

"ரோண்டா," என்றார் ஆர்லின்.

"கிரீன் பே. தடுப்புப் படை."

முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மூன்றாவது சுற்றில் கொசுறை எடுப்பவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு லாயிட்டின் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்த சத்தத்தில் அது நின்றது.

"அது என்னோடது," என்றான்.

"உன் பேர் எழுதியிருக்கா?"

"பத்தொம்பது வருஷமா என்னோடதுடி. ஆர்லின் அண்ணே, சொல்லுங்க இவகிட்ட."

"யார் வேணாலும் யார வேணாலும் எடுக்கலாம்பா," என்றார் ஆர்லின். "நீயே இப்பத்தானே காட்டின."

லாயிட் என் முன்னால் வந்து நின்றான். கழுத்து வரை சிவந்திருந்தான். "உனக்குப் பைத்தியமா? இப்படி எடுத்தா நீ மறுபடியும் கடைசியாத்தான் வருவ."

"தெரியும்."

"கிறிஸ்டல் இந்த நாற்காலியில வந்து உக்காருவா."

"உக்காரட்டும். குஷன் கிழிஞ்சிருக்கு, பாத்து உக்காரச் சொல்லு."

பக்கத்தில் ஜோலீன், "உனக்கு ஓட்டக்காரன் வேணும்டி, மாத்திக்கோ" என்று கிசுகிசுத்தாள். கிரீன் பேயை என் அடுத்த முறைக்குத் தள்ளிப்போட்டிருக்கலாம்தான், ஆனால் பிள்ளைக்கு விழுந்த அடிக்கு அதே சுற்றில் பதில் வேண்டும் எனக்கு. நாற்காலி போனால் எனக்கு இந்த ஊரில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா. போய்த் தொலையட்டும்.

மிட்ச் பச்சையும் மஞ்சளுமான கிரீன் பே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நல்லா யோசிச்சியாம்மா? நீ குறிச்சு வெச்ச ஆளு இன்னும் இருக்கான்."

"ஒட்டுடா."

என் பெயருக்குக் கீழே மூன்றாவது கட்டத்தில் ஒட்டினான். திரும்பி வந்து, ஒன்றாம் இடத்துக்கு அருகில் இருந்த தன் நாற்காலியை மடக்கித் தூக்கினான். கராஜின் குறுக்கே நடந்து வந்து என் பக்கத்தில் விரித்துப் போட்டான்.

"டேய், வரிசை கலையுது," என்றார் ஆர்லின். "உன் இடம் அங்க."

"என் முறை வந்தா இங்கேருந்து சொல்றேன் மாமா," என்று சொல்லிவிட்டு என் தோளில் இடிக்க உட்கார்ந்தான்.